சிகரெட்டை விட முயலும் கணவருக்கு வீட்டார் எப்படித் துணை நிற்பது?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாளுக்குப் பத்துப் பதினைந்து சிகரெட் பிடித்தவர், பொங்கல் முடிந்ததும் நிறுத்தினார். மூன்றாவது வாரத்தில் சட்டையில் வாடை வந்தது. கேட்டதற்கு இல்லையென்று சாதித்தார், பெரிய சண்டையாகிவிட்டது. மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். இப்போது தினமும் சட்டைப்பையையும் வண்டியையும் சோதிக்கிறேன். முன்பெல்லாம் சபரிமலைக்கு மாலை போட்டால் விரதம் முடியும்வரை ஒன்றுகூடத் தொடமாட்டார். சாமிக்காக முடிந்தது எங்களுக்காக முடியாதா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புகைப்பழக்கத்தைக் கைவிட வருவோருக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொல்லும் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கணவர் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் தாமாகவே நிறுத்த முயல்வோரில் பெரும்பாலோர் முதல் எட்டு நாள்களுக்குள்ளேயே மறுபடியும் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதும், நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஓராண்டு என்று நிலைக்கிறார்கள் என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவந்தவை. அவர் இரண்டு வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறார். அந்த நாள்கள் வீணாகிவிடவில்லை. இப்போது எனக்குக் கவலை தருவது அவர் பிடித்த ஒரு சிகரெட்டைவிட, அதை உங்களிடம் சொல்ல முடியாமல் மறைத்தார் என்பதுதான்.

ஆகவே அந்தச் சத்தியத்தை முதலில் விலக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பயமும் வேதனையும் எனக்குப் புரிகின்றன. எத்தனையோ வீடுகளில் இதே சத்தியம் வாங்கப்படுகிறது, அன்பினால்தான் வாங்கப்படுகிறது. ஆனால் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்த மனிதர் எங்கோ ஒரு நெருக்கடியில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டால், அதன்பின் அவர் சிகரெட் பிடித்தவராக மட்டும் தம்மைக் காணமாட்டார், பெற்ற மகளுக்குத் தீங்கு தேடிவிட்ட தகப்பனாகவே காண்பார். அந்தக் குற்ற உணர்வைத் தாங்க முடியாதவர் முதலில் உங்களிடம் மறைப்பார், பிறகு தமக்குத் தாமே மறைத்துக்கொள்வார், கடைசியில் ‘சத்தியமே போய்விட்டது, இனி எதற்கு’ என்று பழைய கணக்குக்கே திரும்பிவிடுவார். மகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அப்பா தவறினால் தனக்கு ஏதோ ஆகிவிடும் என்று அந்தக் குழந்தை உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கலாம். “உனக்கு ஒண்ணும் ஆகாது, அம்மா கோபத்துல அப்படிச் செஞ்சுட்டேன்” என்று அவளிடமும் சொல்லிவிடுங்கள். கணவரிடம் நீண்ட பேச்சு வேண்டாம். “என்னங்க, அந்தச் சத்தியத்தை நான் விட்டுட்டேன். நீங்க பிடிச்சா எங்கிட்ட வந்து சொல்லுங்க, சண்டை போடமாட்டேன்” என்ற அளவு போதும். சொன்ன பிறகு, அவர் ஒருநாள் உண்மையிலேயே வந்து சொல்லும்போது, சண்டை போடாமல் இருக்கத்தான் உங்களுக்குப் பெரும் உறுதி வேண்டும்.

மாலை போட்டபோது முடிந்ததே என்ற கேள்வி மிக நல்ல கேள்வி. தெய்வத்திடம் இருக்கும் பற்று குடும்பத்திடம் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். விரத நாள்களில் அவரைச் சுற்றி என்னவெல்லாம் நடந்தன என்று நினைத்துப் பாருங்கள். கழுத்தில் மாலையைக் கண்டதும் டீக்கடையில் நண்பர்கள் சிகரெட்டை நீட்டமாட்டார்கள். பக்கத்தில் நின்று பிடிப்பவர்கள்கூடத் தள்ளிப் போவார்கள். எழும் நேரம், குளியல், உணவு, மாலைப்பொழுது என நாளின் ஒழுங்கே வேறாகிவிடும். அலுவலகத்தில் மேலாளர்கூட “சாமி” என்று மரியாதையாக அழைப்பார். வீட்டில் எவரும் சட்டைப்பையைத் துழாவமாட்டார்கள், ஏனென்றால் எவருக்கும் சந்தேகமே வராது. அத்தனை துணையும் அத்தனை நம்பிக்கையும் சூழ்ந்திருந்ததால் அவரால் 41 நாள்கள் இருக்க முடிந்தது. இம்முறை அவர் தனியாக, யாருக்கும் சொல்லாமல், அதே டீக்கடையில் அதே கூட்டத்தோடு நின்றுகொண்டு, வீட்டுக்கு வந்தால் சோதனைக்கும் உள்ளாகிக்கொண்டு முயல்கிறார்.

விரதத்திலிருந்து தெரியும் இன்னொன்றும் உண்டு. நிக்கோட்டின் நின்றதால் உடலில் வரும் தொல்லைகள் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் அடங்கிவிடும். அப்படியென்றால் 41ஆம் நாள் மாலையைக் கழற்றும் மனிதரின் உடலுக்குச் சிகரெட் தேவையாக இருந்திருக்காது. ‘இத்தனை நாள்வரை’ என்று மனம் குறித்து வைத்திருந்த எல்லை முடிந்ததும், பழைய இடமும் பழைய நேரமும் பழைய கூட்டமும்தான் அவரை இழுத்திருக்கும். இது உங்களுக்கு நம்பிக்கை தர வேண்டும். உடல் அளவில் அவரால் முடியும் என்பது ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டது. இடத்தையும் நேரத்தையும் கூட்டத்தையும் எப்படிக் கையாள்வது என்பதுதான் மிச்சம்.

அதற்கு வீட்டார் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எந்தெந்த வேளையில் தோன்றுகிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கட்டடத்துக்குள் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருப்பதால் நிறுவனங்களில் வேலை செய்வோருக்குச் சிகரெட் என்பது வெளியே டீக்கடையோடு பிணைந்த பழக்கமாகிவிட்டது. டீ குடித்ததும், சாப்பிட்டதும், ஷிப்மென்ட் நெருக்கடியில் மேலிடத்தில் பேச்சு வாங்கியதும், இரவு வேலை முடிந்து வண்டியை எடுப்பதற்கு முன்பும் என்று அவருக்கு நான்கைந்து வேளைகள் இருக்கும். டீ இடைவேளைக்கு ஃபிளாஸ்க்கில் கொடுத்தனுப்பினால் கடைக்குப் போக வேண்டிய அவசியமே குறையும். சாப்பிட்டவுடன் வாயில் போட ஏலக்காயோ, சோம்போ, நெல்லிக்காய் வற்றலோ சட்டைப்பையில் இருக்கட்டும். வாயில் ஒதுக்கும் புகையிலையோ பான் மசாலாவோ மாற்றாகப் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; சிகரெட்டை விட்டுவிட்டு அதில் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தவிப்பு அலைபோல எழுந்து சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால், அந்த வேளையில் தொலைபேசியில் உங்களோடு இரண்டு வார்த்தை பேசினாலே அதைக் கடந்துவிட முடியும். அப்படி அவர் அழைக்கும்போது மளிகைக் கணக்கையோ பள்ளிக் கட்டணத்தையோ எடுக்காதீர்கள்.

டீயைப் பற்றிச் சொல்லும்போது பலருக்கும் தெரியாத ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிகரெட் புகையிலுள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலில் காஃபினைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகை நின்றதும் அந்தத் தூண்டல் போய்விடுவதால், அதே அளவு காபியும் டீயும் குடித்தாலும் இரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் அதனாலும் வரும். வீட்டில் உள்ளவர்களோ ‘சிகரெட் இல்லாமல் இவருக்குத் தாங்கவில்லை’ என்று நினைத்துக்கொள்வார்கள், அவரும் அப்படியே நம்பிவிடுவார். முதல் ஒரு மாதத்துக்குக் காபி, டீயைப் பாதியாகக் குறைத்து, மாலைக்குப் பிறகு சுக்கு மல்லிக் காபியோ மோரோ கொடுங்கள். நான் சொல்லும் யோசனைகளில் மிக எளிதானது இது, ஆனால் இரவுத் தூக்கத்தில் இதன் பலன் நன்றாகத் தெரியும்.

எரிச்சலையும் கோபத்தையும் பற்றி ஒன்று. புகையை உள்ளிழுத்துப் பத்து இருபது விநாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் இடையில் வரும் தவிப்பை அடுத்த சிகரெட் தீர்த்துவைப்பதால், அது தமக்கு அமைதி தருவதாக இருபது ஆண்டுகளாக அவர் நம்பி வந்திருக்கிறார். நிறுத்தியவர்களுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு மனச்சோர்வும் பதற்றமும் குறைவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் அவர் சிடுசிடுப்பார், கவனம் சிதறும், பசி கூடும், மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும்கூட வரலாம். “இப்படி எரிந்து விழுவதற்கு நீங்கள் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம்” என்ற வார்த்தை எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் உங்கள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. அவர் மனம் காத்துக்கொண்டிருக்கும் அனுமதி அதுதான்.

வீட்டாரின் நடத்தை எந்த அளவுக்கு உதவுகிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். கோஹனும் லிக்டென்ஸ்டைனும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், துணைவரின் ஊக்கமான பேச்சும் செயலும் நச்சரிப்பை விடக் கூடுதலாக இருந்த வீடுகளில் நிறுத்தியவர்கள் அதிகம் நிலைத்தது தெரியவந்தது. பாராட்டுவது, தவிப்பு வரும்போது வேறு வேலையில் இறங்க உதவுவது, உன்னால் முடியும் என்று காட்டுவது ஆகியவை முதல் வகை; வாடையைப் பற்றிக் குறை சொல்வது, உறுதி இல்லாதவர் என்று பேசுவது, விட்டபாடில்லையே என்று கேட்டுக்கொண்டே இருப்பது ஆகியவை இரண்டாம் வகை. அதே சமயம், துணைவருக்குப் பயிற்சி கொடுத்து அதன் மூலம் வெற்றியைக் கூட்டிவிட முடியுமா என்று நடத்தப்பட்ட சோதனைகளில் பெரிய பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் அன்பு வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. மருந்தும் முறையான ஆலோசனையும் அதோடு சேர வேண்டும். அவர் தவறினால் அது உங்கள் துணை போதாததால்தான் என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ளவும் வேண்டாம்.

மருந்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் ‘மன உறுதி இருந்தால் போதாதா’ என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவராக அவர் இருந்திருந்தால், நிக்கோட்டின் பிடிப்பு பலமானது என்று கொள்ளலாம். அத்தகையவர்களுக்கு மருந்தின் துணை மிகவும் அவசியம். நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவுகளில் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. பலர் அதைச் சாதாரணச் சூயிங்கம்போல மென்றுவிட்டு, நெஞ்செரிச்சலும் விக்கலும் வந்ததும் பலனில்லை என்று எறிந்துவிடுகிறார்கள். காரமான சுவை வரும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, சுவை மறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்கு முந்தைய பதினைந்து நிமிடங்களில் காபி, டீ, பழச்சாறு எதுவும் கூடாது. தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டையும் (பேட்ச்) இருக்கிறது. பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. அவர் ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கோ மனநலத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ மருந்து எடுப்பவராக இருந்தால் புகையை நிறுத்திய செய்தியை அந்த மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஓலான்சபின், குளோசபின், தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவு புகை நின்றதும் இரத்தத்தில் கூடிவிடும்.

ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 2016இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்தத் தேசியச் சேவைக்கு 2018 முதல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் ஒரு மையம் இயங்குவதால் தமிழிலேயே பேசலாம். சிகரெட் பெட்டியின் மேலேயே அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது. நீங்கள் அழைத்துக் கொடுப்பதைவிட அவரே அழைப்பது நல்லது. எண்ணை அவருடைய கைபேசியில் பதிந்து வைக்கச் சொல்வதோடு நில்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான ஆலோசனைப் பிரிவுகள் உண்டு.

இனி, வழுக்கிய ஒரு சிகரெட்டை எப்படி எடுத்துக்கொள்வது என்பது. அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று பிடித்தவர்களில் பலர் சில நாள்களில் முழுப் பழக்கத்துக்கும் திரும்பிவிடுகிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் அது அன்றே வெளியில் வர வேண்டும். எந்த இடம், யார் கூட இருந்தார்கள், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும், விசாரணை போல இல்லாமல், சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். சூயிங்கமோ பட்டையோ பயன்படுத்திக்கொண்டிருந்தால் நிறுத்தாமல் தொடரட்டும். மீதிச் சிகரெட் இருந்தால் அவர் கையாலேயே தண்ணீரில் போடட்டும். கடையில் ஒன்று இரண்டாகச் சில்லறையில் வாங்க முடிகிற ஊரில் சட்டைப்பையைச் சோதித்து என்ன கண்டுபிடிக்க முடியும், சொல்லுங்கள்? அந்தச் சோதனையை இன்றோடு விட்டுவிடுங்கள். ‘நாளுக்கு இரண்டு மட்டும்’ என்று அவர் பேரம் பேசினால் அதற்கு மட்டும் இணங்காதீர்கள். 2016இல் இங்கிலாந்தில் 697 பேரை வைத்து நடத்திய சோதனையில், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் நான்காவது வாரத்தில் 39 விழுக்காட்டினரும், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும் புகையின்றி இருந்தார்கள். பீடிக்கு மாறுவதும் தீர்வாகாது. பீடி அடிக்கடி அணைந்துவிடுவதால் இன்னும் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கும். மின் சிகரெட் விற்பனை இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது.

கூடப் பிடிக்கும் நண்பர்களில் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ள முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரை மையமாகக் கொண்டு 1971 முதல் 2003 வரை 12,067 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஒருவரின் நண்பர் நிறுத்தினால் அவர் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைவதும், சிறிய நிறுவனங்களில் உடன் வேலை செய்பவர் நிறுத்தினால் 34 விழுக்காடு குறைவதும் தெரிந்தது. இதை நீங்கள் அந்த நண்பரிடம் போய்ப் பேச முடியாது. கணவரிடம் யோசனையாகச் சொல்லலாம். நிறுத்தியிருப்பதை நண்பர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும், தம்மிடம் நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் மாலைக்கு இருந்த பாதுகாப்பில் பாதியையாவது தரும்.

இந்த வயதில் நிறுத்தி என்ன பயன் என்று அவர் சோர்ந்து பேசினால், பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் வெளியிட்ட முடிவை எடுத்துச் சொல்லுங்கள். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள்; 40 வயதில் நிறுத்தியவர்கள் அதில் ஒன்பது ஆண்டுகளையும், 50இல் நிறுத்தியவர்கள் ஆறு ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். அவருடைய 44 வயது அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. உடல் எடை ஓராண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடலாம். அதைக் கேலி செய்யாதீர்கள், இப்போதே உணவைக் குறைக்கவும் வற்புறுத்தாதீர்கள்.

நான்காம், ஐந்தாம் மாதங்களில் வீட்டில் எல்லோரும் இதை மறந்துவிடுவார்கள். கல்யாண வீடு, ஊர்த் திருவிழா, நண்பர்களோடு வெளியூர்ப் பயணம், குறிப்பாக மது இருக்கும் இடங்கள் என்று சோதனை அப்போதுதான் எதிர்பாராமல் வரும். கிளம்புவதற்கு முன்பு அன்றைக்கு எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்று அவரோடு ஒரு நிமிடம் பேசி, சூயிங்கம் பையில் இருக்கிறதா என்று கேட்டு அனுப்புங்கள். எல்லாம் செய்தும் முழுப் பழக்கமும் திரும்பிவிட்டால், சில வாரங்களுக்குள் அடுத்த தேதியை அவரே குறிக்கட்டும். எத்தனை நாள் நின்றது, எந்த வேளையில் வழுக்கியது, எது உதவியது என்பதை எழுதிக்கொண்டு இருவருமாக மருத்துவரிடம் போங்கள். அடுத்த முறைக்கான மருந்தையும் அளவையும் அதைப் பார்த்துத்தான் அவர் தீர்மானிப்பார்.